பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு இறந்தவர்

தங்கமாரியின் அப்பா குருவையா பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு இறந்துபோனார் என்பது ஒன்றேகாலுக்குள் நானூற்றுப் பதினேழு பேருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாத ஆள் அவர் ஒருவர்தான். அவர் கட்டிலில் படுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மூச்சு என்றால் பெரிய மூச்சில்லை. தொண்டையில் கரகரவென்று ஓர் இழுப்பு, பிறகு ஒன்றுமே இல்லாத ஓர் இடைவெளி, பிறகு இன்னோர் இழுப்பு. அப்படிப்பட்ட ஓர் இடைவெளியில்தான் தங்கமாரி மோசம்போனான். தாடை தொங்கியது, கண் பாதி திறந்தபடி நின்றது, மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பத்துவரை எண்ணினான், விரலில் காற்றுப் படவில்லை. படவில்லை என்றதும் கை டாக்டரைத் தேடவில்லை, போனைத் தேடியது. முகநூலில் போடவேண்டிய பதிவு மூன்று வாரமாகத் தயாராக இருந்தது. பதினோரு தடவை திருத்தியது. 'அப்பா இறங்கிக்கொண்டார், பேருந்து போய்க்கொண்டிருக்கிறது' என்ற முதல் வரி கிடைத்த அன்று அவன் பகல் முழுக்கச் சந்தோஷமாக இருந்தான், வேலை பார்க்கும் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் பையன்கள் கண்ணாடிக் குடுவையை உடைத்தபோதுகூடத் திட்டவில்லை. அஞ்சலிப் படமும் தயார். தோற்றம் என்ற இடத்தில் 1946, மறைவு என்ற இடத்தில் வெற்றிடம். தேதியை நிரப்பினான், மாலை ஐந்து மணிக்குமேல் அஞ்சலி செலுத்தலாம் என்று சேர்த்தான், போட்டான். கை நடுங்கியது. நடுக்கத்தைத் துக்கம் என்றே நம்பினான். ஒன்று ஐந்துக்கு, கீழ்வீட்டு நர்ஸ் ஆரோக்கியமேரி டூட்டிக்குக் கிளம்பும்போது வழக்கம்போல மாடியேறி எட்டிப்பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள், கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். "நாடி இருக்குண்ணே, கம்மியா இருக்கு. ஒடம்புல தண்ணிச்சத்தே இல்ல. இப்பவே நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க. ரெண்டு பாட்டில் ஏறுனா முழிச்சிருவாரு. நேரம் போச்சுன்னா கஷ்டம்" என்றாள். போன் கையில்தான் இருந்தது, "நான் பண்றேன் சிஸ்டர்" என்றான். "மறந்துராதீங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். பெற்ற அப்பனை எவனாவது மறப்பானா என்று அவனுக்குக் கோபம்கூட வந்தது.

ஒன்றை அழுத்தினான், சைபரை அழுத்தினான். எட்டுக்கு விரல் போகும் வழியில் திரையின் மேலிருந்து ஒரு வரி இறங்கியது: செண்பகவல்லி உங்கள் பதிவில் கருத்திட்டுள்ளார். எந்தச் செண்பகவல்லி? பத்தாம் வகுப்பில் முன்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஒருநாளும் பின்னால் திரும்பாத செண்பகவல்லி. எட்டு வருடமாக நட்புப் பட்டியலில் இருந்தும் ஒரு லைக் போட மனசு வராதவள், 'உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை, ஆனால் எனக்கே அப்பா போனதுபோல் இருக்கிறது' என்று எழுதியிருந்தாள். இதற்குப் பதில் போடாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது மரியாதையாகத் தோன்றவில்லை. நன்றி என்றால் வறட்டுத்தனமாக இருக்கும், நன்றி தோழி என்றால் மனைவி பார்ப்பாள். முருகலட்சுமி பார்ப்பது சாயங்காலம்தான், ஜவுளிக்கடையில் வேலையாட்களின் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு ஏழு மணிக்குத்தான் தருவார்கள். கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டான். போடும்போதே அதற்குக் கீழே ஆறு கருத்துகள் வந்துவிட்டன. ஆழ்ந்த இரங்கல் அண்ணா. ஓம் சாந்தி. மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் தோழர். உங்கள் எழுத்தில் அவர் சாகமாட்டார். இதைப் படித்தபோது நெஞ்சு அடைத்தது, கட்டிலில் தொண்டை கரகரத்தது, இரண்டில் எது தன்னுடையது என்று ஒரு கணம் பிடிபடவில்லை. சரி, முதலில் அழித்துவிடுவோம், அழித்துவிட்டால் பிறகு நிம்மதியாக ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாம் என்று மூன்று புள்ளியைத் தொட்டான். இந்தப் பதிவை நீக்கவா என்று அது பணிவாகக் கேட்டது. நீக்கி? நீக்கிவிட்டு என்ன எழுதுவது? 'மன்னிக்கவும், அப்பா நலமாக இருக்கிறார்.' எழுதிப் பார்த்தான். அதைவிட அசிங்கமான வாக்கியத்தை அவன் வாழ்நாளில் எழுதியதில்லை. போன வருடம் ஒரு பாவப்பட்ட மனிதர் உயிரோடிருக்கும் வாத்தியார் ஒருவருக்கு அஞ்சலி போட்டுவிட்டு அரை மணியில் நீக்கினார். அதற்குள் அதைப் படமெடுத்து, 'அவசரக் குடுக்கை, பாடையை நீங்களே பின்னிக் கொண்டுவந்தீர்களா' என்று போட்டது யார்? தங்கமாரிதான். முந்நூறு பேர் சிரித்தார்கள். அந்த முந்நூறு பேரும் இப்போது இங்கே வரிசையில் நின்று இரங்கல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் வேண்டாம் என்பதை அழுத்தினான்.

அப்பா நலமாக இருக்கிறார் என்றால் எந்த அப்பா என்று கேள்வி வரும். முகநூலில் அவன் பெயரே தங்கமாரி குருவையா. 'அப்பாவின் விசில்' என்று முப்பத்தோரு பகுதி எழுதியிருந்தான். அருப்புக்கோட்டை வண்டியில் கண்டக்டராக இருந்த அப்பா, ஜன்னல் சீட்டைத் துண்டு போட்டுப் பிடித்துவைத்த அப்பா, சில்லறை இல்லாத கிழவிகளைச் சும்மா ஏற்றிப்போன அப்பா. பன்னிரண்டாம் பகுதிதான் பெயர் வாங்கித் தந்தது: பரீட்சைக்குப் போகும் வழியில் மழையில் மாட்டிக்கொண்ட மகனைப் பார்த்து, நிறுத்தமே இல்லாத இடத்தில் அப்பா விசில் ஊதி வண்டியை நிறுத்துகிறார், இறங்கி ஓடி வருகிறார், தோல்பையை மகன் தலைக்குமேல் குடையாகப் பிடித்துக் கூட்டிப்போகிறார். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேருக்குப் பிடித்தது. நடந்தது என்ன? வண்டி நிற்கவில்லை. நிற்காமல் போனதில் சேறு தெறித்தது, பின்படிக்கட்டில் அப்பா நின்றிருந்தார், நேருக்கு நேர் பார்த்தார், பார்வையைத் திருப்பிக்கொண்டார். சாயங்காலம், "ஸ்டாப்பு இல்லாத எடத்துல நின்னா மெமோ குடுப்பான், உங்கப்பனா வந்து பதில் சொல்லுவான்?" என்று கேட்டுவிட்டு, புத்தகத்தை நனைத்ததற்கு ஓர் அறை விட்டார். இப்போது கண்ணை மூடி அந்தச் சேற்றை நினைத்துப் பார்த்தான். வரவில்லை. தலைக்குமேல் தோல்பையின் வாசனைதான் வந்தது, நனைந்த தோலும் செப்புக்காசும் கலந்த வாசனை, தானே உட்கார்ந்து யோசித்து எழுதிய வாசனை. வண்டி சிவப்பா பச்சையா? எழுதியது சிவப்பு, ஓடியது பச்சையாகத்தான் இருக்கவேண்டும், ஆனால் கண்ணுக்குள் சிவப்பு வண்டி நின்று வைப்பரை ஆட்டிக்கொண்டிருந்தது. அது நிற்கவே இல்லை என்று தெரிந்த ஒரே சாட்சி கட்டிலில் கிடந்தது. போன பொங்கலுக்கு முருகலட்சுமி சும்மா இருக்காமல் அந்தப் பன்னிரண்டாம் பகுதியை மாமனாருக்கு வாசித்துக் காட்டினாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடைசிவரை கேட்டார். "யாரும்மா இந்தாளு? நல்ல மனுசனா இருப்பாம்போல" என்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். 'அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், கண் கலங்கினார்' என்று அன்றைக்குத் தங்கமாரி எழுதினான். அதற்கும் எழுநூறு லைக் வந்தது.

போன் அதிர்ந்தது. சங்கரபாண்டி அண்ணன், மதுரையிலிருந்து. இந்த அண்ணனைச் சொல்லாமல் பன்னிரண்டு ஐம்பத்திரண்டைச் சொல்ல முடியாது. நாலு வருடத்துக்கு முன் அம்மா செத்தபோது தாடைக்குத் துணி கட்டியது தங்கமாரி, பந்தல்காரனைத் தேடி வெயிலில் அலைந்தது தங்கமாரி, சங்கு ஊதுகிறவருக்குச் சொல்லப் போனதும் அவன்தான். திரும்பி வந்து போனைத் திறந்தால் அண்ணன் அதற்குள் அம்மா படத்தைப் போட்டு ஊரையே அழவைத்திருந்தான். எழுத்தாளன் தங்கமாரி மெனக்கெட்டு எழுதிப் போட்டதற்கு நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள், அதிலும் பாதிப் பேர் 'அண்ணன் பதிவிலேயே பார்த்துவிட்டோம்' என்றார்கள். பந்திக்குப் பிந்தியவனுக்கு எச்சில் இலை. இந்தத் தடவை விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்; இந்தத் தடவை என்றால் எது என்று அப்போது மனசுக்குள் சொல்லிக்கொள்ளவில்லை. போனை எடுத்தான். "தம்பி... என்னடா இப்பிடிப் பண்ணிட்ட. ஒரு வார்த்த போன்ல சொல்லக் கூடாதாடா, பேஸ்புக்ல பார்த்தா தெரிஞ்சுக்கிறது?" என்று அண்ணன் அழுதான். "கை ஓடலண்ணே" என்றான் தங்கமாரி. "எத்தன மணிக்குடா?" இதுதான் இடம். அண்ணே, பதட்டத்துல தப்பாப் போட்டுட்டேன், உசுரு இருக்கு, நீ வா, ஆஸ்பத்திரிக்குத் தூக்குவோம். அவ்வளவுதான், கூடப்பிறந்தவனிடம் சொல்லும் ஒரு பேச்சு. வாய்க்குள் அது முழுசாகத் தயாராக இருந்தது. "பன்னெண்டு அம்பது இருக்கும்ணே" என்றது வாய். அப்போது பார்த்துக் கட்டிலில் இருந்து ஓர் இருமல் கிளம்பியது, நாற்பது வருடம் பீடி குடித்த நெஞ்சின் இருமல். அந்தப் பக்கம் அழுகை நின்றது. "யாருடா அது இருமுறது?" "கீழ்வீட்டுப் பெரியவருண்ணே, பார்க்க வந்திருக்காக." கீழ்வீட்டில் பெரியவரே கிடையாது. "சரிடா. கார் சொல்லிட்டேன். ஐஸ் பெட்டிக்கு நானே சொல்லிர்றேன், நீ அலையாத. மூணு மணிக்கு வந்துருவோம்" என்று அண்ணன் மறுபடி அழத் தொடங்கினான். போனை வைத்த பிறகுதான் தங்கமாரி தன் முகம் நனைந்திருப்பதைக் கவனித்தான். உண்மையான கண்ணீர். அப்பா போய்விட்டார் என்ற நினைப்பில் வந்த கண்ணீர். அதைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தபோது, நடுவில் வந்து கெடுக்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலைக் கண்டு அவனே பயந்துவிட்டான், எழுந்து தண்ணீர் எடுத்து வந்தான்.

தகர ஷீட்டுக்குக் கீழே காற்றாடி வெந்த காற்றையே சுற்றிச் சுற்றி இறக்கியது. ஸ்பூனில் தண்ணீரை உதட்டில் வைத்தான். பாதி தாடையில் வழிந்தது, பாதி உள்ளே போனது. தொண்டை மேடு ஏறி இறங்கியது. விழுங்குகிறார். விழுங்கத் தெரிகிற ஆளை என்னவென்று சொல்வது? இன்னொரு ஸ்பூன். அதையும் விழுங்கினார். கண்ணைத் திறந்தார், காற்றாடியைப் பார்த்தார், பார்வை கீழே வந்து மகனிடம் நின்றது, நின்ற மாதிரிதான் இருந்தது. "எவன்டா அது படிக்கட்டுல தொங்குறது? உள்ள ஏறித் தொலைடா" என்றார். குரல் தெளிவாக இருந்தது. பிறகு "தண்ணி" என்றார். தங்கமாரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. செத்தவர் பேசியதால் சிலிர்த்ததா, பேசியது அவ்வளவு நன்றாக இருந்ததால் சிலிர்த்ததா? கண்டக்டர், சாகும்போது, படிக்கட்டு. ஸ்பூனைத் தம்ளருக்குள் போட்டான், தம்ளரை ஸ்டூலில் வைத்தான், போனை எடுத்தான். நூத்தியெட்டுக்குத்தான் எடுத்தான், சத்தியமாக அதற்குத்தான். ஆனால் ஒருத்தர், 'கடைசியாக அப்பா ஏதாவது சொன்னாரா தோழர்?' என்று கேட்டிருந்தார், அவருக்குப் பதினெட்டுப் பேர் கீழே ஆமாம் போட்டிருந்தார்கள். தொலைடா என்பது கொஞ்சம் இடித்தது, தொங்குறது என்பதும் நன்றாக இல்லை. 'கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எல்லாரும் ஏறியாச்சாப்பா என்று கேட்டார். ஏறியாச்சுப்பா என்றேன். விசில் ஊதுவதுபோல் உதட்டைக் குவித்தார். அவ்வளவுதான்.' அனுப்பினான். இருதயங்கள் பொங்கி ஏறின. "தண்ணி" என்றார் அப்பா. "இந்தா தர்றேம்ப்பா" என்று சொல்லிக்கொண்டே திரையை மேலே தள்ளினான். எல்லாரும் ஏறியாச்சாப்பா என்று எழுதினானே, அப்பா ஒருநாளாவது அவனை அப்பா என்று கூப்பிட்டிருக்கிறாரா? ஏலே, மூதி, உங்கம்மா பெத்தது, இதுதான் கூப்பிட்டது. போன வாரம் கையைக் கோத்துப் படம் எடுக்கும்போதுகூட, "கைய எடுலே, வேர்க்குது" என்றுதான் உதறினார். எட்டாவது படத்தில்தான் கோத்த கை கிடைத்தது. இப்போது முகப்பில் இருப்பது அந்தப் படம், பார்க்கிறவர்களுக்கு அந்தப் பிடியின் இறுக்கம் தெரியும், பிடித்தவனுக்கே இப்போது அப்படித்தான் ஞாபகம் இருந்தது.

இரண்டு இருபதுக்கு வித்யாபதி வந்தார். சென்னையில் பதிப்பகம் வைத்திருக்கிறவர். இவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஆள் எழுத்தாளன், சொல்லாவிட்டால் முகநூல்காரன். அப்படி ஒரு வித்யாபதி. ஐந்து வருடமாக அவருடைய ஒவ்வொரு பதிவுக்கும் தங்கமாரி முதல் ஆளாகப் போய்ப் பாராட்டியிருக்கிறான், ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. இன்று தனிச்செய்தியில் வந்திருந்தார். 'செய்தி பார்த்தேன். வருந்துகிறேன். அப்பாவைப் பற்றிய குறிப்புகளைத் தொகுத்து அனுப்புங்கள். புத்தகமாகப் போடலாம். இந்த நேரத்தில் சொல்வதற்கு மன்னிக்கவும்.' தங்கமாரி எழுந்து நின்றுவிட்டான். நின்று, மறுபடி உட்கார்ந்து, மறுபடி படித்தான். இந்த நேரத்தில் என்று எந்த நேரத்தைச் சொல்கிறார்? அப்பா இறந்த நேரத்தில். அப்பா இறக்காவிட்டால் இந்த நேரமே இல்லை, இந்த நேரம் இல்லாவிட்டால் இந்தச் செய்தி இல்லை. நாளைக்குக் கிழவர் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டால் வித்யாபதி என்ன நினைப்பார்? பதில் எழுதினான். அழித்தான். 'அய்யா, அப்பாதான் என் முதல் வாசகர்.' பொய் என்று பளிச்சென்று தெரிந்தது, இவரிடம் இது எடுபடாது, இவருக்கு இதுவரை எழுதாத ஒன்று வேண்டும். எழுதாதது என்ன இருக்கிறது? துழாவினான். பாலிடெக்னிக்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு அப்பா வாயைத் திறந்து போய்ட்டு வா என்றுகூடச் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து வாட்ச்மேன் சொன்னார், "சேர்ந்த அன்னைக்கு உங்கப்பா கேட்டுக்கு வெளிய வேப்ப மரத்தடியில சாயங்காலம் வரைக்கும் ஒக்காந்திருந்தாருப்பா. உள்ள போய்ப் பாருங்கன்னேன். வேணாம், வெரட்டிவிட்ருவாங்களோன்னு பார்க்க வந்தேன்னாரு." இதை அவன் எழுதியதே இல்லை. ஏன் எழுதவில்லை? விசில் இல்லை, மழை இல்லை, ஒரு மனுசன் மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தார், இதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டான். இப்போது அது விடாமல் பிடித்துக்கொண்டது. மதியம் சாப்பிட்டிருப்பாரா? எங்கே சாப்பிட்டிருப்பார், அந்தப் பக்கம் கடையே கிடையாது. விரட்டிவிட்டிருந்தால் என்ன செய்வதாக இருந்தார்? கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவதாக இருந்தாரா? அப்பா, என்று வாய்விட்டுச் சொன்னான், சொன்ன வேகத்தோடு விரல் ஓடியது. 'அய்யா, இதுவரை எழுதாத ஓர் அத்தியாயம் இருக்கிறது. வேப்ப மரம் என்று தலைப்பு.' மரம் வேண்டாமோ, நிழல் என்று போடலாமோ, நிழல் எல்லாரும் போடுகிறார்கள், மரமே இருக்கட்டும். முழுசாக எழுதி அனுப்பினான். அப்பாடா என்று இருந்தது, காதுக்கு ஏதோ ஒரு தொந்தரவு நின்ற மாதிரி இருந்தது. எது நின்றது என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிமிர்ந்து பார்த்தான்.

மூக்குக்குக் கீழே விரலை வைத்தான். இந்தத் தடவை நூறுவரை எண்ணினான். இருநூறு. கண்ணாடியை எடுத்து வந்து வாயருகே பிடித்தான், தன் கட்டைவிரல் ரேகைதான் அதில் தெரிந்தது. மணி இரண்டு நாற்பத்தெட்டு. முதலில் வந்தது நிம்மதி. அதை மறைத்துச் சொல்லிப் பயனில்லை. பரீட்சை முடிவில் தன் நம்பரைப் பார்த்தவனுக்கு வரும் நிம்மதி. இனி நீக்கவேண்டியதில்லை, மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, யாரும் படமெடுத்துச் சிரிக்கமுடியாது, நானூறு பேரும் ஆயிரம் பேரும் சொன்னது சரியாகிவிட்டது. அதற்குப் பின்னாலேயே மற்றது வந்தது. மூன்று எண். ஒன்று, சைபர், எட்டு. பால்குடி மறக்காத பிள்ளைகூட அழுத்திவிடும். ஒரு மணி ஐந்திலிருந்து இரண்டு நாற்பத்தெட்டுவரை மூன்று எண்ணை அழுத்த முடியாமல் போனவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? அந்தப் பெயர் அவனுக்குத் தெரியும், நாக்கு நுனிவரை வந்தது. இல்லை, அப்படியில்லை, அவர் போனது பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு. அப்போதே தாடை தொங்கிவிட்டது, கண் நிலைகுத்திவிட்டது. பிறகு கேட்டதெல்லாம் கூட்டைவிட்டுக் காற்று போகும் சத்தம். ஆரோக்கியமேரி பிடித்தது நாடியா, அவள் விரலில் துடித்த அவளுடைய சொந்த ரத்தமா, யார் கண்டார்கள்? பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் பார்த்த நாடி. தண்ணி கேட்டாரே? கேட்டார். இல்லை, எல்லாரும் ஏறியாச்சாப்பா என்றுதான் கேட்டார், எழுதியிருக்கிறதே, மேலே போய்ப் பார்த்தான், அப்படித்தான் எழுதியிருந்தது. ஸ்டூலில் தம்ளர் முக்கால்வாசி நிரம்பி இருந்தது, ஸ்பூன் அதற்குள் சாய்ந்து கிடந்தது. அதைக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினான்.

கீழே கார் ஹாரன் கேட்டது. கார்க் கதவுகள் சாத்தும் சத்தம், இரண்டு, மூன்று. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது: இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் செத்தவருக்குத் தாடையைத் தாங்கும் நாடிக்கட்டு இல்லை, கால் கட்டைவிரல்கள் கட்டப்படவில்லை, நெற்றியில் திருநீறுகூட இல்லை. பெற்றவனைப் பிணமாக்கும் வேலை ஒன்றுகூட நடக்கவில்லை. பழைய வேட்டியை எடுத்துப் பல்லால் கடித்துக் கிழித்தான். தாடையை ஏந்திக் கட்டினான், அது பிள்ளையின் தாடைபோல இணங்கி வந்தது. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டும்போது கை கூசியது, பாதம் வெதுவெதுவென்று இருந்தது, இப்போதுதான் தூங்கப் போன ஆளின் பாதம். திருநீற்றை அள்ளிப் பூசினான். இமையை அழுத்தினான், உடனே மூடிக்கொண்டது. படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது.

சங்கரபாண்டி வாசலில் நின்று ஒருமுறை பார்த்தான், அப்படியே கால்மாட்டில் விழுந்தான். இரண்டு பாதங்களையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, "யப்பா, என்னப் பார்க்காமப் போயிட்டியேப்பா" என்று கதறினான். பின்னால் மதினியும், அவளுடைய தம்பியும், மாலையோடு இன்னொருவரும் நின்றார்கள். திடீரென்று அழுகை அறுந்தது. சங்கரபாண்டி தலையைத் தூக்கி, உள்ளங்கையைப் பாதத்தில் வைத்துப் பார்த்தான். எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். முழங்கால்வரை தடவினான். தம்பியை நிமிர்ந்து பார்த்தான். "சூடா இருக்குடா" என்றான். வெயில்ணே, தகர ஷீட்டுண்ணே என்று சொல்லத் தங்கமாரி வாயெடுத்தான், மூடிக்கொண்டான். இப்போது கேட்டால் சொல்லிவிடுவேன், ஒரு வார்த்தை கேட்டால் போதும், எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன் என்று இருந்தது. கேளேன்டா, என்று உள்ளே ஒருவன் அண்ணனைக் கெஞ்சினான். "ரெண்டு மணி நேரமாச்சு" என்றான் சங்கரபாண்டி, மதினியிடம் திரும்பி. "ரெண்டு மணி நேரமாச்சு, கை கால் மடங்குது பாரு, சூடு ஆறல பாரு. எனக்காகக் காத்திருக்காருடி. மூத்தவன் வந்து தொடட்டும்னு காத்திருக்காரு." மதினி தொட்டுப் பார்த்தாள், "ஆமாங்க" என்று வாய்விட்டு அழுதாள். மாலை கொண்டுவந்தவரும் தொட்டுப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நாலு மணிக்கு ஐஸ் பெட்டி வந்தது. முருகலட்சுமியைக் கூட்டிவர மதினியின் தம்பி ஜவுளிக்கடைக்குப் போயிருந்தான். தெருக்காரர்கள் வரத் தொடங்கினார்கள், வந்தவர்களுக்கெல்லாம் அண்ணன் அந்தச் சூட்டைச் சொன்னான், கேட்டவர்கள் தங்கமாரியை விட்டுவிட்டு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தங்கமாரி பெட்டிக்குப் பக்கத்துச் சேரில் உட்கார்ந்திருந்தான். போன் ஒருமுறை அதிர்ந்தது: சங்கரபாண்டி ஒரு பதிவில் உங்களைக் குறிப்பிட்டுள்ளார். படம், அண்ணனின் கைகளுக்குள் கட்டைவிரல் கட்டிய இரண்டு பாதங்கள். கீழே எழுத்துப் பிழைகளோடு நாலே வரி. 'அப்பா இறந்து இரண்டு மணிநேரம் கழித்து வந்தேன். பாதம் சுடுகிறது. உயிர் போனபின்னும் மூத்தமகனுக்காக சூட்டை பிடித்து வைத்திருந்தார். இதற்குமேல் ஒரு தகப்பன் என்ன செய்வார்.' போட்டுப் பத்து நிமிடத்தில் அறுநூறு தாண்டியிருந்தது. செண்பகவல்லி அழுதிருந்தாள். கவிஞர்கள் அழுதிருந்தார்கள். ஒருத்தர், 'முப்பத்தோரு பகுதி எழுதிய தம்பியைவிட இந்த நாலு வரி' என்று தொடங்கி ஏதோ எழுதியிருந்தார். வித்யாபதி ஒற்றைச் சொல்லில், 'அபாரம்' என்றிருந்தார். தங்கமாரி திரும்பத் திரும்பப் படித்தான். அங்கே கூடியிருந்தவர்களில் அது பொய் என்று அறிந்த ஒரே ஆள் அவன்தான், அது எப்படிப் பொய் என்று அவன் யாரிடமும் சொல்லமுடியாது. "பார்த்தியாடா?" என்றான் அண்ணன், நாலு சேர் தள்ளி உட்கார்ந்து, கண் சிவக்க, போனை நெஞ்சில் அணைத்தபடி. "பார்த்துட்டேண்ணே" என்றான் தங்கமாரி. அண்ணன் பார்வையை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தான். தங்கமாரி குனிந்து, அண்ணன் பதிவின் லைக்கில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தான், ஏழு படங்கள் வரிசையாக எழும்பின, அதில் கண்ணீர் விடும் முகத்தைத் தேடி எடுத்துப் போட்டான்.